வலது கிளிக்கில் கோப்புறை: மாங்கூழ் ஆலைக் கணினிக்கு ஒரு வழி

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் தோத்தாபுரி மாம்பழ வரத்து ஏறும் நாட்களில் எடைச்சீட்டுக் கோப்புறையை மணிக்குப் பலமுறை திறக்க வேண்டும். டெஸ்க்டாப்பின் வலது கிளிக் மெனுவிலேயே அதை வைத்துவிடலாம்.

ஸ்டார்ட் மெனுவில் ரெஜிஸ்ட்ரி எடிட்டரை, அதாவது விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் கருவியைத் தேடி, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். முதல் வேலை, ஃபைல் மெனுவின் எக்ஸ்போர்ட் வழியாக ஒரு பிரதி எடுப்பது. இதைத் தவிர்க்கவே கூடாது. இங்கே அன்டூ கிடையாது.

இடப்பக்கப் பட்டியலில் கிளாசஸ் ரூட்டுக்குள் (HKEY_CLASSES_ROOT) டெஸ்க்டாப்பேக்ரவுண்ட் (DesktopBackground), அதற்குள் ஷெல் (Shell). ஷெல்மேல் வலது கிளிக் செய்து புதிய கீ (கோப்புறை போன்ற ஒரு பதிவு) உருவாக்கி, ‘எடைச்சீட்டு’ என்று தமிழிலேயே பெயரிடுங்கள். அதற்குள் இன்னொரு கீ. பெயர் கமாண்ட், ஆங்கில எழுத்தில் (command). அதன் டிஃபால்ட் மதிப்பில் எக்ஸ்புளோரர் என ஆங்கிலத்தில் (explorer) அடித்து, இடைவெளி விட்டு, கோப்புறையின் முழு முகவரியை இரட்டை மேற்கோளுக்குள் ஒட்டுங்கள்.

பிழை பெரும்பாலும் முகவரியில்தான். கோப்புறையைப் பிறகு இடம் மாற்றினாலோ பெயர் மாற்றினாலோ அது திறக்காது. பென்டிரைவ் வேண்டாம், அதன் டிரைவ் எழுத்து மாறக்கூடும்.

விண்டோஸ் 11-இல் இது ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ உள்ளே இருக்கும். ஷிஃப்ட்டோடு எஃப் 10 அழுத்தினால் நேரே வரும். வேண்டாமென்றால் எடைச்சீட்டு கீயை மட்டும் நீக்குங்கள்.