கஸ்டம் ரோம் போட்ட போனில் வைஃபை மக்கர் செய்தால்

லீனியேஜ்ஓஎஸ் போன்ற கஸ்டம் ரோம் ஒன்றை, அதாவது போன் நிறுவனம் தராத வேறொரு ஆண்ட்ராய்டு பதிப்பை, ஃப்ளாஷ் செய்தாயிற்று (போனில் எழுதியாயிற்று). போன் நன்றாகவே எழுந்து வருகிறது. வைஃபை மட்டும் வேலை செய்யவில்லை. உடனே டேட்டாவை எல்லாம் அழித்துவிட்டு அதே ரோமை மறுபடி ஏற்றிப் பார்ப்பவர்கள்தான் அதிகம். தயவுசெய்து அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு பெரும்பாலும் ரோமின் ஜிப் கோப்பு தொடவே தொடாத இடத்தில் இருக்கும்; பத்து முறை ஏற்றினாலும் அது அப்படியேதான் இருக்கும். போவது உங்கள் படங்களும் சாட்களும்தான்.

வைஃபை வேலை செய்யப் பல அடுக்குகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். மேலே செட்டிங்ஸ் திரையும் ஆண்ட்ராய்டின் வைஃபை சேவையும். அதற்குக் கீழே பாஸ்வேர்டு பேச்சுவார்த்தையைக் கவனிக்கும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட். அதற்கும் கீழே கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பயன்படுத்தும் டிரைவர். அடியில் வைஃபை சிப்புக்கான ஃபர்ம்வேர், அதாவது வன்பொருளை நேரடியாக இயக்கும் மென்பொருள். மேல் அடுக்குகள் ரோமோடு வருகின்றன. அடியில் இருக்கும் ஃபர்ம்வேர் பல போன்களில் 'மோடம்' என்ற தனிப் பார்ட்டிஷனில் (சேமிப்பகத்தின் ஒரு பகுதியில்), நிறுவனத்தின் பழைய மென்பொருள் விட்டுப்போன நிலையிலேயே கிடக்கும். உதாரணமாக, ஸ்னாப்டிராகன் 845 சிப் கொண்ட போகோ எஃப்1 போனில் வைஃபை ஃபர்ம்வேர், மொபைல் சிக்னலைக் கவனிக்கும் மோடம் பிராசஸரில்தான் ஓடுகிறது. அங்கே மோடம் விழுந்தால் சிம் மட்டுமல்ல, வைஃபையும் சேர்ந்து விழும்.

அதனால் முதலில் எந்த அடுக்கில் அறுந்திருக்கிறது என்று பாருங்கள். சுவிட்ச் ஆன் ஆகிறதா? ஆன் ஆனால், நெட்வொர்க் பட்டியல் வருகிறதா? வந்தால், இணைகிறதா? இணைந்தபின் இணையம் வருகிறதா? எந்தக் கேள்வியில் 'இல்லை' வருகிறதோ, அங்கிருந்து தொடங்குங்கள்.

சுவிட்சே ஆன் ஆகவில்லை

தொட்டதும் ஆன் ஆகி, இரண்டு நொடியில் தானே ஆஃப் ஆகிவிடும். அல்லது சாம்பல் நிறத்தில் அப்படியே நிற்கும். இதுதான் கஸ்டம் ரோம் போன்களுக்கே உரிய கோளாறு, ஆகவே இதற்குத்தான் அதிக நேரம் தேவை.

செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' பக்கத்தைத் திறந்து இரண்டு விஷயங்களைப் பாருங்கள். வைஃபை மேக் முகவரி (நெட்வொர்க்கில் போனை அடையாளம் காட்டும் எண்) 'கிடைக்கவில்லை' என்றோ 02:00:00:00:00:00 என்றோ இருந்தால் டிரைவர் ஏறவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்து பேஸ்பேண்ட் பதிப்பு, அதாவது மோடம் மென்பொருளின் பதிப்பு. அது 'தெரியவில்லை' என்று இருந்தால் மோடம் எழவில்லை. டயலரில் *#06# போட்டு ஐஎம்இஐ எண் வருகிறதா என்றும் பாருங்கள். இங்கிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது.

பேஸ்பேண்ட் சரியாக இருக்கிறது, சிம்மில் பேச முடிகிறது, வைஃபை மட்டும் செத்துக் கிடக்கிறது என்றால் முதல் சந்தேகம் கெர்னல் அடங்கிய பூட் இமேஜ் மேல்தான். பல போன்களில் வைஃபை டிரைவர் கெர்னலுக்குள் இருப்பதில்லை. 'வெண்டர்' என்ற பார்ட்டிஷனில் தனி மாட்யூல் கோப்பாக இருக்கும். தனக்காகக் கட்டப்பட்ட மாட்யூலை மட்டுமே கெர்னல் ஏற்றுக்கொள்ளும். ரூட், அதாவது போன் மேல் முழு அதிகாரம், தரும் மேஜிஸ்க் கருவியை வைத்திருப்பவர்கள் ரோமை அப்டேட் செய்தபின், போன மாதம் அதனால் பேட்ச் செய்து (மாற்றி) வைத்திருந்த பூட் இமேஜையே எடுத்து ஃப்ளாஷ் செய்துவிடுவார்கள். கெர்னல் பழையது, மாட்யூல் புதியது. போன் எழுந்துவிடும், திரை, கேமரா எல்லாம் வேலை செய்யும், வைஃபை மட்டும் வராது. தனிக் கெர்னல் ஏற்றியவர்களுக்கும் இதே கதி நேரலாம்.

உறுதி செய்வது சுலபம். செட்டிங்ஸில் பில்டு எண்ணை 7 முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்யுங்கள். லீனியேஜ்ஓஎஸ்ஸில் அதன் அருகிலேயே 'ரூட்டட் டீபக்கிங்' இருக்கும்; அதையும் ஆன் செய்யுங்கள். கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி கருவியில் 'ஏடிபி ரூட்' கொடுத்து, ஏடிபி ஷெல்லுக்குள் போய், கெர்னலின் பதிவுகளைக் காட்டும் 'டிமெஸ்க்' கட்டளையை இயக்குங்கள். வரும் வரிகளில் 'டபிள்யூலேன்' என்ற சொல்லைத் தேடுங்கள். 'வெர்ஷன் மேஜிக்' இதுவாக இருக்க வேண்டும், அதுவாக இருக்கிறது என்றோ, 'டிஸ்அக்ரீஸ் அபவுட் வெர்ஷன் ஆஃப் சிம்பல்' என்றோ ஒரு வரி இருந்தால் கெர்னலும் மாட்யூலும் பொருந்தவில்லை. 'ரிக்வயர்டு கீ நாட் அவைலபிள்' என்றால் மாட்யூலின் கையொப்பத்தைக் கெர்னல் ஏற்கவில்லை.

சரிசெய்ய, இப்போது போனில் இருக்கும் ரோமின் அதே தேதி பில்டுக்குரிய பூட் இமேஜை எடுங்கள். ரோமின் ஜிப்புக்குள் பூட் இமேஜ் தனியாக இல்லாமல் 'பேலோட்' என்ற பெரிய கோப்பு இருக்கிறது என்றால், பேலோட் டம்பர் கருவியால் அதைப் பிரித்து எடுக்க வேண்டும். முதலில் பேட்ச் செய்யாத இமேஜை அப்படியே ஃப்ளாஷ் செய்து வைஃபை வருகிறதா என்று பாருங்கள். வந்தபிறகு அதே இமேஜை மேஜிஸ்க்கில் பேட்ச் செய்து ஏற்றுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் கோளாறு எதனால் வந்தது என்று தெரியாமலே போய்விடும். கணினியிலிருந்து பார்ட்டிஷன்களில் எழுத உதவும் ஃபாஸ்ட்பூட்டின் 'பூட்' கட்டளை பல மாடல்களில் இமேஜை நிரந்தரமாக எழுதாமல் ஒரு தடவை மட்டும் ஓடவிடும். சோதனைக்கு அதுதான் நல்லது. ஆண்ட்ராய்டு 13 உடன் வெளிவந்த போன்களில் மேஜிஸ்க் பேட்ச் செய்ய வேண்டியது பெரும்பாலும் 'இனிட் பூட்' இமேஜை. பழக்கதோஷத்தில் பூட் இமேஜைத் தொடாதீர்கள்.

பேஸ்பேண்டும் இல்லை, சிம்மும் இல்லை என்றால் மோடம் பக்கம் போக வேண்டும். பல ரோம்களின் நிறுவல் பக்கத்தில் 'இந்த ஆண்ட்ராய்டு பதிப்பின் ஃபர்ம்வேர் மேல்தான் நிறுவ வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும். பலர் தாண்டிப் போகும் வரி அது. உங்கள் மாடலுக்கும் உங்கள் பிராந்திய வகைக்கும் உரிய, ரோம் கேட்கும் பதிப்பின் நிறுவன மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். ஸ்னாப்டிராகன் சிப் கொண்ட ஷாவ்மி போன்களின் ஃபாஸ்ட்பூட் தொகுப்பில், இமேஜஸ் கோப்புறைக்குள் 'நான்-ஹெச்எல்ஓஎஸ்' என்ற கோப்பு இருக்கும். மோடம் பார்ட்டிஷனில் எழுத வேண்டியது அதைத்தான். அது மட்டும் போதும் என்றால் அதை மட்டும் எழுதுங்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். அந்தத் தொகுப்பில் இருக்கும் 'ஃப்ளாஷ் ஆல் லாக்' ஸ்கிரிப்ட்டை இயக்காதீர்கள்; மி ஃப்ளாஷ் கருவியில் அடியில் இருக்கும் 'கிளீன் ஆல் அண்ட் லாக்' தேர்வும் அதையேதான் செய்யும். போனைத் துடைத்து பூட்லோடரையும் (போனை எழுப்பும் முதல் நிரல்) பூட்டிவிடும். பூட்டிய பூட்லோடரோடு பொருந்தாத மென்பொருள் இருந்தால் போன் எழாது. இரண்டாவது, இப்போது இருப்பதைவிடப் பழைய ஃபர்ம்வேருக்கு இறங்காதீர்கள். ஆன்டி ரோல்பேக் (பழைய பதிப்புக்குத் திரும்புவதைத் தடுக்கும் ஏற்பாடு) உள்ள மாடல்களில் அது போனையே முடக்கிவிடும்.

ஏ, பி என்று இரண்டு ஸ்லாட் (மென்பொருளின் இரு பிரதிகளுக்கான இடங்கள்) உள்ள போன்களில் ஒரு வினோதம் உண்டு. ரோம் ஏற்றியதும் வைஃபை நன்றாக இருக்கும். முதல் அப்டேட்டுக்குப் பின் போய்விடும். அப்டேட் மற்ற ஸ்லாட்டில் ஏறுகிறது, அந்த ஸ்லாட்டின் மோடம் மாதக்கணக்கில் பழையதாக இருக்கிறது. லீனியேஜ்ஓஎஸ் இதற்காகவே 'காப்பி பார்ட்டிஷன்ஸ்' என்ற சிறு ஜிப்பைத் தருகிறது. ரோம் நிறுவும் முன், போனின் மீட்புத் திரையான ரிக்கவரியிலிருந்து சைட்லோட் செய்தால் (கணினி வழியாக ஏற்றினால்), நடப்பு ஸ்லாட்டின் ஃபர்ம்வேரை மற்றதற்கு நகலெடுக்கும்.

இனி 'பெர்சிஸ்ட்' பார்ட்டிஷன். ஷாவ்மியின் பல மாடல்களில் வைஃபை மேக் முகவரி இதற்குள் ஒரு சிறு கோப்பாக இருக்கிறது. சென்சார் அளவுத்திருத்தமும் இங்கேதான். இதைத் துடைத்துவிட்டு, வேறு ஒருவர் போனிலிருந்து எடுத்த பெர்சிஸ்ட் இமேஜை ஏற்றுவது பெரிய தவறு. அந்தப் போனின் மேக் முகவரி உங்கள் போனுக்கு வந்துவிடும். இரண்டும் ஒரே ரவுட்டரில் சேர்ந்தால் மாறிமாறித் துண்டிக்கும். சென்சார்களும் தாறுமாறாகும். ரோம் போடும் முன்பே, ரூட் ஷெல்லில் 'டிடி' கட்டளையால் உங்கள் பெர்சிஸ்ட்டை ஒரு கோப்பாக நகலெடுத்து, போனுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

மீடியாடெக் போன்களில் இதற்கு இணையானது என்விராம், என்விடேட்டா பார்ட்டிஷன்கள். அவை அழிந்தால் அடையாளம் கண்முன்னே தெரியும்: வைஃபை பட்டியலில் 'என்விராம் வார்னிங்' என்ற பெயரில், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நெட்வொர்க் தோன்றும். பக்கத்து வீட்டு ரவுட்டர் இல்லை அது, உங்கள் போன் எழுப்பும் அபயக் குரல். பேக்கப் இருந்தால் அந்த இரண்டையும் திரும்ப எழுத வேண்டும். சாம்சங் போன்களில் இதே வேலையை ஈஎஃப்எஸ் பார்ட்டிஷன் செய்கிறது. அதையும் முன்கூட்டியே நகலெடுத்து வைப்பது அவசியம்.

ஆன் ஆகிறது, நெட்வொர்க் தெரியவில்லை

2.4 கிகாஹெர்ட்ஸ் தெரிந்து 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரியவில்லை என்றால், பெரும்பாலும் நாட்டுக் குறியீட்டுப் பிரச்சினை; எந்தச் சேனல்களுக்கு அனுமதி என்பது நாட்டுக்கு நாடு மாறும். போன் தன் நாட்டை மொபைல் நெட்வொர்க்கிலிருந்து தெரிந்துகொள்கிறது. சிம் இல்லாத போனில் ரோமின் இயல்பு மதிப்பே நிற்கும். அது அமெரிக்காவாக இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸின் 12, 13 சேனல்களும் கண்ணில் படாது. ரவுட்டரில் 2.4-ஐ 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றிலும், 5-ஐ 36 முதல் 48 வரையுள்ள சேனல்களில் ஒன்றிலும் நிறுத்திப் பாருங்கள். 52 முதல் 144 வரை உள்ளவை ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்கள். ரவுட்டர் எழுந்ததும் குறைந்தது 60 நொடி காதுகொடுத்துக் கேட்ட பிறகே அவற்றில் சிக்னல் விடும். நடுவில் ரேடார் கேட்டால் வேறு சேனலுக்குத் தாவும். போனில் கோளாறே இல்லாமல் நெட்வொர்க் காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாஸ்வேர்டு சரி, இணையவில்லை

ரோமை டேட்டா அழிக்காமல் மேலேயே ஏற்றியிருந்தால், சேமித்த நெட்வொர்க்கை 'மறந்துவிடு' கொடுத்து, புதிதாகச் சேருங்கள். போதவில்லை என்றால் சிஸ்டம் செட்டிங்ஸில் ரீசெட் பகுதிக்குப் போய் வைஃபை, ப்ளூடூத் அமைப்புகளை மட்டும் ரீசெட் செய்யுங்கள். படங்களுக்கும் ஆப்களுக்கும் ஒன்றும் ஆகாது.

அடுத்து ரவுட்டரின் பாதுகாப்பு முறை. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலந்த முறையில் சில ரோம்கள் தடுமாறும். டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மட்டும் வைத்துச் சோதியுங்கள். இணைந்துவிட்டால் கோளாறு ரோமின் டபிள்யூபிஏ3 ஆதரவில்தான்.

ரவுட்டரில் மேக் ஃபில்டர் (குறித்த மேக் முகவரிகளை மட்டும் அனுமதிப்பது) போட்டிருப்பவர்கள் கவனிக்க: ஆண்ட்ராய்டு 10 முதல் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு தற்செயல் மேக் முகவரிதான் இயல்பாகப் போகிறது. ரோம் மாற்றியதும் அது மாறும். நெட்வொர்க்கின் தனியுரிமைப் பகுதியில் 'சாதனத்தின் மேக்' என்று மாற்றினால் பழைய அனுமதி மறுபடி செல்லுபடியாகும்.

இவ்வளவும் செய்தும் இணையவில்லை என்றால், ஏடிபியில் ஆண்ட்ராய்டின் பதிவுகளைக் காட்டும் லாக்கேட்டைப் பாருங்கள். 'டிஸ்கனெக்டட்' வரியின் முடிவில் ரீசன் எண் இருக்கும். 15 என்றால் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் நான்கு கட்டக் கைகுலுக்கலில் நேரம் கடந்துவிட்டது. பெரும்பாலும் பாஸ்வேர்டு தவறு. இணைப்பை மறுக்கும் வரியில் ஸ்டேட்டஸ் 17 என்றால் ரவுட்டரில் இடமில்லை, வேறு சாதனங்களை விடுவிக்க வேண்டும். 'ஐபி முகவரி பெறுகிறது' என்பதிலேயே நின்றால் பாஸ்வேர்டு கட்டம் தாண்டிவிட்டது. ரவுட்டரில் ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி பக்கம் பாருங்கள்.

இணைந்தது, இணையம் இல்லை

முதலில் தேதியும் நேரமும். பேட்டரி தீர்ந்து எழுந்த போனில் ஆண்டு தவறாக இருந்தால் எந்தப் பாதுகாப்பான தளமும் திறக்காது. அடுத்து பிரைவேட் டிஎன்எஸ், அதாவது தளப் பெயர்களை முகவரிகளாக மாற்றும் சேவைக்கான அமைப்பு. அதை ஆஃப் செய்து பாருங்கள். விளம்பரத் தடுப்பு ஹோஸ்ட்ஸ் பட்டியல் இணையம் இருக்கிறதா என்று ஆண்ட்ராய்டு சோதிக்கும் கூகுள் முகவரியை அடைத்திருந்தால், இணையம் இருந்தும் 'இணையம் இல்லை' என்றே போன் சொல்லும். அந்தச் சோதனைக்கு 204 என்ற பதில் வந்தால்தான் ஆண்ட்ராய்டு திருப்தியடையும். ஒரே ஒரு ஆப் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், லீனியேஜ்ஓஎஸ்ஸில் அந்த ஆப்பின் தகவல் பக்கத்தில் நெட்வொர்க் அனுமதி சுவிட்சைப் பாருங்கள். என்றோ அணைத்து மறந்ததாக இருக்கும்.

அடிக்கடி அறுகிறது

டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'வைஃபை வெர்போஸ் லாகிங்' ஆன் செய்தால் பட்டியலிலேயே சிக்னல் அளவு எண்ணாகத் தெரியும். -50 டிபிஎம் நன்று, -67 வரை வீடியோவுக்குப் போதும், -80-க்கும் கீழே போனால் அறுபடுவதில் வியப்பில்லை. ரவுட்டருக்கு ஒரு மீட்டர் அருகில் நின்றும் -70 காட்டினால் அதை எந்த ரோமும் சரிசெய்யாது. பேட்டரி மாற்றவோ டிஸ்பிளே மாற்றவோ பின்மூடியைத் திறந்தபோது ஆன்டெனா கம்பியின் முனை சரியாக அமராமல் போயிருக்கலாம். ப்ளூடூத் இயர்போன் போட்டால் மட்டும் அறுகிறது என்றால், இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மோதுகின்றன, 5-க்கு மாறுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ரோமின் பராமரிப்பாளரிடம்தான் போக வேண்டும் என்றால், மேஜிஸ்க்கும் தனிக் கெர்னலும் இல்லாத சுத்த பில்டில் ஒரு முறை சோதித்துவிடுங்கள். மாற்றங்கள் செய்த போனின் புகாரை லீனியேஜ்ஓஎஸ் ஏற்பதில்லை. போன் மாடலின் கோட்நேம், பில்டு தேதி, பேஸ்பேண்ட் பதிப்பு, ரவுட்டரின் பாதுகாப்பு முறை, சேனல் ஆகியவற்றோடு டிமெஸ்க், லாக்கேட் இரண்டையும் கொடுங்கள். அனுப்பும் முன் அவற்றில் உங்கள் மேக் முகவரியையும் நெட்வொர்க் பெயரையும் அழித்துவிடுங்கள். கோளாறு நடந்த கையோடு லாக் எடுங்கள். டிமெஸ்க்கின் இடம் சிறியது, பழைய வரிகள் தள்ளப்பட்டுக்கொண்டே போகும். ரீபூட் செய்தால் மொத்தமும் போய்விடும்.