விஎல்சி பிளேயர்: நிறுவுவது எப்படி, மக்கர் செய்தால் சரிசெய்வது எப்படி?

ஒரு வீடியோவைத் திறக்கிறீர்கள். சத்தம் வருகிறது, படம் வரவில்லை. அல்லது ‘இந்தக் கோப்பைத் திறக்க முடியாது’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று உடனே அழித்துவிடாதீர்கள். பல நேரம் ஃபைல் நன்றாகத்தான் இருக்கும்.

எம்பி4, எம்கேவி என்பதெல்லாம் டப்பாவின் பெயர்தான். உள்ளே படமும் ஒலியும் தனித்தனியாகச் சுருக்கி அடைக்கப்பட்டிருக்கும். அப்படிச் சுருக்கவும் விரிக்கவும் பயன்படுவதுதான் கோடெக். எச்.264 முறையில் சுருக்கிய வீடியோவும் எம்பி4 என்ற பெயரில் வரும், எச்.265 முறையில் சுருக்கியதும் அதே பெயரில் வரும். முன்னதை அநேகமாக எல்லா பிளேயரும் ஓட்டிவிடும். பின்னதற்கான கோடெக் இல்லாத பிளேயர் அங்கேயே கையை விரித்துவிடும்.

இதற்காகத்தான் விஎல்சியைச் சொல்கிறேன். தேவையான கோடெக்குகளில் பெரும்பாலானவை அதற்குள்ளேயே இருக்கின்றன. 1996-இல் பாரிஸில் மாணவர்கள் தொடங்கிய வேலை அது. 2001 முதல் கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கிறது. விளம்பரம் கிடையாது, காசும் கிடையாது. ‘கோடெக் பேக்’ என்று தனியாக எதையும் தேடிப் போகாதீர்கள். விஎல்சி தன் கோடெக்குகளைத்தான் பயன்படுத்தும், வெளியிலிருந்து நீங்கள் போடுவதைக் கண்டுகொள்ளாது.

டவுன்லோட்

விஎல்சியை உருவாக்கும் விடியோலேன் அமைப்பின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அதன் முகவரி விடியோலேன் டாட் ஓஆர்ஜி. தேடலில் மேலே வரும் முதல் இணைப்பு விளம்பரமாக இருக்கலாம். நான் ஒருமுறை அவசரத்தில் வேறொரு தளத்தில் பெரிதாகப் பச்சையாக இருந்த பொத்தானை அழுத்தினேன். பிளேயரோடு ஒரு டூல்பாரும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதைத் துரத்த ஒரு மாலைப் பொழுது முழுதும் போயிற்று.

விண்டோஸ் என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போய் ‘சிஸ்டம் டைப்’ 64 பிட்டா 32 பிட்டா என்று பாருங்கள். அதற்கேற்ற ஃபைலை எடுங்கள். மேக் என்றால் இறக்கிய ஃபைலைத் திறந்து, விஎல்சியின் கூம்பு ஐகானை அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டருக்குள் இழுத்துவிட்டால் போதும். லினக்ஸில் உங்கள் சாஃப்ட்வேர் ஸ்டோரிலேயே கிடைக்கும்.

நிறுவுதல்

விண்டோஸில் ஃபைலைத் திறந்தால் மொழி கேட்கும், பிறகு வரிசையாக ‘நெக்ஸ்ட்’தான். எதையும் மாற்ற வேண்டாம். முதல்முறை திறக்கும்போது ஒரு சின்னப் பெட்டி வந்து, பாடல், பட விவரங்களை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்றால் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். அப்டேட் இருக்கிறதா என்று பார்க்கும் டிக் மட்டும் இருக்கட்டும்.

அப்புறம், வீடியோ ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன் வித்’ போய் விஎல்சியைத் தேர்ந்தெடுத்து, எப்போதும் இதிலேயே திறக்கும்படி சொல்லிவிடுங்கள். நிறுவும் வேலை இவ்வளவுதான்.

மக்கர் செய்தால்

முதலில் ஒன்று. பிரச்சினை வந்ததும் விஎல்சியை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவுவதுதான் பலருக்கும் பழக்கம். நீக்கினாலும் உங்கள் பழைய அமைப்புகள் (செட்டிங்ஸ்) கணினியிலேயே தங்கிவிடுவது உண்டு. கோளாறு அமைப்பில் இருந்தால், புதிதாக நிறுவியதிலும் அதே கோளாறு தொடரும்.

*படம் கறுப்பாக, பச்சையாக, கட்டம் கட்டமாக வருகிறது.* இதில் நான் முதலில் சந்தேகப்படுவது கிராஃபிக்ஸ் கார்டை. சுருக்கிய வீடியோவை விரிக்கும் வேலையை விஎல்சி அந்த கார்டிடம் தள்ளிவிடுகிறது. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் பழசாக இருந்தால் படம் இப்படிக் குளறும். ‘டூல்ஸ்’ மெனுவில் ‘பிரிஃபரன்சஸ்’ திறந்து, ‘இன்புட் / கோடெக்ஸ்’ பகுதிக்குப் போங்கள். அங்கே ஹார்டுவேர் டீகோடிங் என்ற இடத்தில் ‘டிசேபிள்’ என்று வைத்து, சேமித்து, விஎல்சியை மூடித் திறங்கள். படம் சரியாக வந்தால் குற்றவாளி டிரைவர்தான். அதைப் புதுப்பித்துவிட்டு, மாற்றியதைப் பழையபடி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 4கே வீடியோவின் பாரம் முழுக்க பிராசஸர் மேல் விழும், வீடியோ விக்கி விக்கி ஓடும்.

இதிலும் சரியாகவில்லையா? அதே பிரிஃபரன்சஸில் ‘வீடியோ’ பகுதியில் ‘அவுட்புட்’ என்று இருக்கும். அதை ஓப்பன்ஜிஎல் அல்லது டைரக்ட்3டி9 என்று மாற்றிப் பாருங்கள்.

*சத்தம் வரவில்லை.* ‘ஆடியோ’ மெனுவில் ‘ஆடியோ டிவைஸ்’ பாருங்கள். கழற்றி வைத்த ஹெட்போனுக்கோ மானிட்டருக்கோ ஒலி போய்க்கொண்டிருக்கும். அங்கே சரியாக இருந்தால் ‘ஆடியோ டிராக்’கில் ‘டிசேபிள்’ ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

*உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.* சத்தம் முந்திக்கொண்டு வந்தால் கே விசையை அழுத்துங்கள். பிந்தி வந்தால் ஜே. ஒவ்வொரு அழுத்தலுக்கும் 50 மில்லிசெகண்ட் நகரும். சப்டைட்டிலுக்கும் இதே கதைதான், அங்கே முந்தினால் எச், பிந்தினால் ஜி.

*தமிழ் சப்டைட்டில் படிக்கிற மாதிரி இல்லை.* என்ன தெரிகிறது என்று கவனியுங்கள், மருந்து அதைப் பொறுத்தது. எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் என்றால் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். பிரிஃபரன்சஸில் ‘சப்டைட்டில்ஸ்’ பகுதியில் எழுத்துருவை நிர்மலா யுஐ என்று மாற்றுங்கள்; விண்டோஸ் 8 முதல் கணினியோடே வருகிறது. தலையில் கோடு போட்ட லத்தீன் எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் மாறி மாறி வந்தால், எழுத்துரு மேல் தப்பில்லை. யூனிகோட் தமிழை விஎல்சி வேறு ஏதோ குறியேற்றமாக (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை, என்கோடிங்) நினைத்துப் படிக்கிறது. அதே பகுதியில் குறியேற்றத்தை யூடிஎஃப்-8 என்று வைத்து வீடியோவை மூடித் திறங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் சப்டைட்டில் ஃபைலை நோட்பேடில் திறங்கள். அங்கே தமிழாகத் தெரிந்தால், யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். அங்கேயும் அதே குளறுபடி என்றால் ஃபைலே அப்படித்தான் உருவாகியிருக்கிறது, வேறு ஃபைல் தேடுங்கள்.

*எதுவுமே சரிவரவில்லை.* பிரிஃபரன்சஸ் ஜன்னலின் அடியில் ‘ரீசெட் பிரிஃபரன்சஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் எல்லா அமைப்பும் முதல்நாள் நிலைக்குத் திரும்பும். பிறகு வேறொரு வீடியோவை ஓட்டிப் பாருங்கள். அது நன்றாக ஓடி, இது மட்டும் ஓடாவிட்டால் ஃபைலில்தான் கோளாறு. பாதியில் நின்றுபோன டவுன்லோடாகக்கூட இருக்கலாம். ஏவிஐ ஃபைல் என்றால் திறக்கும்போதே பழுதுபார்க்கட்டுமா என்று விஎல்சி கேட்கும், சம்மதியுங்கள். எம்பி4-இல் பின்பாதி வராமல் போயிருந்தால் முழுதாகத் திரும்ப இறக்குவதுதான் வழி.