தூங்கும் லேப்டாப்பை வைஃபை வழியாக எழுப்புவது எப்படி?

கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு கற்பூர மரம் கம்பியில் சாய்ந்தால் போதும், கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதுவரை இன்வெர்ட்டர்தான். தேயிலைக் கணக்கு வைத்திருக்கும் லேப்டாப் நாள் முழுக்க விழித்திருந்தால் அந்தச் சேமிப்பில் நல்ல பங்கைத் தின்றுவிடும். ஸ்லீப்பில் போட்டால் செலவு மிகவும் குறைவு. ஆனால் கீழ்க்கட்டடத்தில் இருக்கும் லேப்டாப்பைத் தட்டி எழுப்ப மழையில் இறங்கிப் போக வேண்டும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வெளியில் நெட்வொர்க் கேபிள் இழுப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. இடி மின்னல் காலத்தில் அது ஆபத்து. எனவே வைஃபை வழியாகவே எழுப்பக் கற்றுக்கொள்வோம்.

உள்ளே என்ன நடக்கிறது

லேப்டாப் தூங்கும்போது பிராசஸர் நின்றுவிடும். வைஃபை கார்டுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அது ரவுட்டருடன் இணைப்பை விடாமல் வைத்திருக்கும். நெட்வொர்க்கில் தகவல் சிறு சிறு பொட்டலங்களாகத்தான் போகும், அவைதான் பாக்கெட். எல்லோருக்குமாக அனுப்பப்படும் பாக்கெட்டுகளை ரவுட்டர் சேர்த்து வைத்துக் குறிப்பிட்ட இடைவெளியில் வெளியிடும். கார்டு சரியாக அந்த நேரத்தில் கேட்டு, வந்த ஒவ்வொரு பாக்கெட்டையும் தன்னிடம் உள்ள ஒரு வடிவத்தோடு ஒப்பிடும். பொருந்தினால் கணினியை எழுப்பும். இல்லையென்றால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும். இந்த வடிகட்டலைச் சரியாக அமைப்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது.

நமக்கு வேண்டிய வடிவம் மேஜிக் பாக்கெட். ஏஎம்டி நிறுவனம் 1995-ல் வெளியிட்ட முறை இது. முதலில் 255 என்ற மதிப்புள்ள பைட் 6 முறை, பிறகு எழுப்ப வேண்டிய கணினியின் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டுக்கென்று உள்ள 6 பைட் அடையாள எண்) 16 முறை. மொத்தம் 102 பைட். தற்செயலாக வேறு எந்தப் பாக்கெட்டும் இப்படி அமைவது நடக்காத காரியம், அதனால் நம்பி விடலாம்.

அமைப்பது

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதன் கீழ் உங்கள் வைஃபை கார்டை வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸுக்குப் போங்கள். பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும். கணினியை எழுப்ப இந்தச் சாதனத்தை அனுமதி என்பதையும், மேஜிக் பாக்கெட் மட்டுமே எழுப்பலாம் என்பதையும் டிக் செய்யுங்கள். சில புதிய லேப்டாப்களில் இந்தப் பக்கமே இருக்காது. அப்போது அட்வான்ஸ்டு பக்கம் மட்டும் பார்த்தால் போதும்.

அட்வான்ஸ்டு பக்கத்தில் வேக் ஆன் மேஜிக் பாக்கெட் என்பதை எனேபிள் செய்யுங்கள். வேக் ஆன் பேட்டர்ன் மேட்ச் என்பதை டிசேபிள் செய்யுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். சில லேப்டாப்களின் பயாஸிலும் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு) வைஃபை வழி எழுப்புவதற்கான ஒரு அனுமதி இருக்கும், அதையும் ஒருமுறை பாருங்கள்.

அடுத்தது மேக் முகவரி. செட்டிங்ஸில் வைஃபையின் ஹார்டுவேர் பிராப்பர்ட்டீஸில் அது இருக்கும். அங்கே பக்கத்திலேயே ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ் என்று ஒன்று உண்டு. அது ஆனில் இருந்தால் முகவரி மாறிவிடும், நீங்கள் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பீர்கள். ஆஃப் செய்துவிட்டு முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போனில் ஏதாவது ஒரு வேக் ஆன் லேன் ஆப் போட்டு, அந்த மேக் முகவரி, நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்குமான பிராட்காஸ்ட் முகவரி (வீட்டு நெட்வொர்க் 192.168.1 என்று தொடங்கினால் பெரும்பாலும் 192.168.1.255), போர்ட் 9 ஆகியவற்றைக் கொடுங்கள். லேப்டாப்பைச் சார்ஜரில் வைத்தபடியே ஸ்லீப்பில் போடுங்கள். பல லேப்டாப்கள் பேட்டரியில் இருக்கும்போது இதைச் செய்யாது. ஷட் டவுன் செய்தால் இந்த முறை பெரும்பாலும் வேலை செய்யாது. சற்றுப் பொறுத்து அனுப்புங்கள்.

உடனே எழுகிறது, மூன்று மணி நேரம் கழித்து எழவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். எல்லோருக்குமான பாக்கெட்டுகளைப் பூட்ட ரவுட்டர் ஒரு குழுச் சாவி வைத்திருக்கும். பல ரவுட்டர்கள் அதை மணிக்கொருமுறை மாற்றும். கணினி தூங்கும்போது புதிய சாவியைக் கார்டுதான் தானாக வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காவிட்டால் மேஜிக் பாக்கெட் வந்தாலும் அதற்குப் படிக்கத் தெரியாது. இன்டெல் கார்டுகளில் ஜிடிகே ரீகீயிங் (ஜிடிகே என்பது அந்தக் குழுச் சாவி) என்று ஒரு அமைப்பு இருக்கும், அதை எனேபிள் செய்யுங்கள். கூடவே ஏஆர்பி ஆஃப்லோடையும். "இந்த ஐபி யாருடையது?" என்று யாராவது கேட்டால், கணினியை எழுப்பாமல் கார்டே பதில் சொல்லிவிடும்.

அப்புறம் சுவர். குன்னூர், கோத்தகிரியில் பழைய கல்வீடுகளின் சுவர் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை நன்றாகக் குறைத்துவிடும். 2.4-ல் இணைத்து வையுங்கள். வேகம் குறைந்தால் பரவாயில்லை, இணைப்பு அறுந்தால் எழுப்பவே முடியாது. கெஸ்ட் நெட்வொர்க்கிலும் வைக்காதீர்கள்; அங்கே ஒரு சாதனம் இன்னொன்றுடன் பேச ரவுட்டர் பொதுவாக விடாது.

பேட்டர்ன் மேட்ச் ஏன் வேண்டாம்

பேட்டர்ன் மேட்ச் என்பது, பாக்கெட்டின் குறிப்பிட்ட இடங்களில் குறிப்பிட்ட மதிப்புகள் இருந்தால் எழுப்புவது. பாக்கெட்டின் பைட்டுகளை 0-விலிருந்து எண்ணுங்கள். முதல் ஆறு பெறுபவரின் மேக், அடுத்த ஆறு அனுப்புபவருடையது. 12, 13-ல் பாக்கெட்டின் வகை. சாதாரண ஐபி பாக்கெட்டில் 23-ஆம் இடத்தில் 6 இருந்தால் டிசிபி, 17 என்றால் யூடிபி; இரண்டும் தகவல் அனுப்பும் முறைகள். 36, 37-ல் சேர வேண்டிய போர்ட் எண், அதாவது கணினியில் எந்தச் சேவைக்கு வந்தது என்று சொல்லும் எண். எந்த இடங்களை மட்டும் பார்க்க வேண்டும் என்று ஒரு மாஸ்க் சொல்லும். லினக்ஸில் இந்த வடிவத்தை நாமே எழுதலாம்: தொலைவிலிருந்து கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டுக்கு வந்தால் மட்டும் எழு என்பதுபோல. விண்டோஸ் தானாக எழுதும் வடிவங்கள் இதைவிடத் தாராளமானவை. புதிய டிசிபி இணைப்பு கேட்டு யார் வந்தாலும் எழுந்துவிடும். வீட்டில் இன்னொரு கணினி பகிர்ந்த போல்டரைத் தேடினாலே போதும், இரவு முழுக்க எழுந்து எழுந்து படுக்கும். இன்வெர்ட்டரை மிச்சப்படுத்தும் நோக்கமே போய்விடும்.

சந்தேகம் இருந்தால் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போய் பவர் ட்ரபிள்ஷூட்டர் பதிவைப் பாருங்கள். கடைசியாக எழுப்பியது எது என்று வேக் சோர்ஸ் வரியில் இருக்கும். வைஃபை கார்டின் பெயர் நீங்கள் அனுப்பாத நேரத்தில் வந்தால் வடிகட்டி இன்னும் தளர்வாக இருக்கிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து எழுப்ப

பிராட்காஸ்ட் பாக்கெட் ரவுட்டரைத் தாண்டாது. இதற்காக ரவுட்டரில் போர்ட் திறந்து விடச் சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள், மேஜிக் பாக்கெட்டுக்கு வழக்கமாகக் கடவுச்சொல் கிடையாது. ரவுட்டர் எப்படியும் இன்வெர்ட்டரில் விழித்திருக்கும். பல ரவுட்டர்களின் நிர்வாகப் பக்கத்திலேயே எழுப்பும் பொத்தான் இருக்கிறது. ரவுட்டரில் விபிஎன் வசதி (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குப் பூட்டிய வழி) இருந்தால் அதன் வழியாக வீட்டு நெட்வொர்க்குக்குள் வந்து அந்தப் பொத்தானை அழுத்துங்கள்.