குச்சிக்கிழங்கு மாவைச் சர்க்கரையாக்கும் எச்சில்: வீட்டிலேயே ஒரு வினையூக்கிச் சோதனை

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் வழியில் சேகோ ஆலைக் களங்களில் வெள்ளை வெளேரென்று ஜவ்வரிசி காய்வதைப் பார்த்திருப்பீர்கள். அது குச்சிக்கிழங்கின் ஸ்டார்ச். குளுக்கோஸ் மூலக்கூறுகள் நீளமாகக் கோத்துக்கொண்ட கரிமச் சேர்மம். வெறும் தண்ணீரில் கொதிக்கவைத்தால் கஞ்சியாகுமே தவிர இனிக்காது. வினையூக்கி, அதாவது தான் தீர்ந்துபோகாமல் வினையை வேகப்படுத்தும் பொருள், சேர்ந்தால் கதை வேறு.

தேவையானவை: ஒரு டீஸ்பூன் ஜவ்வரிசி, மருந்துக்கடை போவிடோன் அயோடின், வெள்ளைத் தட்டு, மூன்று டம்ளர், உங்கள் எச்சில். முகம் சுளிக்காதீர்கள், இதில் கதாநாயகனே அதுதான்.

1. ஜவ்வரிசியைப் பொடித்து, இரண்டு டம்ளர் தண்ணீரில் நன்றாக வேகவிட்டு வடிகட்டுங்கள். நீர்க்கவே இருக்கட்டும், கெட்டியானால் நேரம் இழுக்கும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள்.

2. மூன்று டம்ளரிலும் பிரித்து ஊற்றுங்கள். முதலாவதை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் ஒரு ஸ்பூன் எச்சில். மூன்றாவதில் கொதிக்கவைத்து ஆறிய எச்சில்.

3. தட்டில் அயோடின் சொட்டுகளை வரிசையாக வையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு டம்ளரிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து அதன்மேல் விடுங்கள். டம்ளருக்கு ஒரு ஸ்பூன் தனியாக வேண்டும், இல்லையென்றால் எச்சில் எல்லாவற்றிலும் கலந்துவிடும். சோதித்த எதையும் வாயில் வைக்க வேண்டாம்.

ஸ்டார்ச் பட்டால் அயோடின் கருநீலமாகும்; அதனால் முதலில் எல்லாமே கருநீலம். அப்புறம் இரண்டாவது டம்ளரின் சொட்டு மட்டும் ஊதாவாகி, செம்பழுப்பாகி, கடைசியில் அயோடினின் மஞ்சளாகவே நின்றுவிடும். சங்கிலி துண்டு துண்டாக அறுபடுவதைத்தான் பார்க்கிறீர்கள். அறுப்பது எச்சிலிலுள்ள அமைலேஸ் என்ற நொதி, அதாவது உயிர்கள் உண்டாக்கும் வினையூக்கி. ஒரு பிணைப்பை அறுத்ததும் அது தீர்ந்துபோவதில்லை, அடுத்ததற்குப் போகிறது. மூன்றாவது டம்ளர் நீலமாகவே இருக்கும்; கொதியில் நொதியின் உருவம் குலைந்துவிட்டது.

சரி, தொழிற்சாலையில்? 1811-இல் வேதியியலாளர் கிர்க்காஃப் நீர்த்த கந்தக அமிலத்தை வைத்தே ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக்கினார். அமிலம் கண்டபடி வெட்டும், வேண்டாத நிறமும் கசப்பும் வரும். அதனால் இப்போது நொதிதான். ஸ்டார்ச் பாலை (தண்ணீரில் கலக்கிய ஸ்டார்ச்சை) சுமார் 105 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும் என்பதால், அந்தச் சூட்டையும் தாங்கும் பாக்டீரியா அமைலேஸ். பிறகு 60 டிகிரியில் குளுக்கோஅமைலேஸ் என்ற இன்னொரு நொதி, அது ஒவ்வொரு குளுக்கோஸாகக் கழற்றும்.

அந்தக் குளுக்கோஸ் எதுவாக மாறும் என்பதும் வினையூக்கியின் கையில்தான். ஈஸ்ட்டின் நொதிகளிடம் கொடுத்தால் எத்தனால். அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு ரேனி நிக்கல் என்ற நுண்துளை நிக்கல் பொடியிடம் கொடுத்தால், பற்பசையில் சேரும் சார்பிட்டால். வேலை முடிந்ததும் நிக்கலை வடிகட்டி எடுத்து அடுத்த முறைக்குப் போடுவார்கள்.