சைக்கிளைக் கடக்கும்போது எவ்வளவு இடம் விட வேண்டும்? புதிதாகக் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு செய்முறை

லைசென்ஸ் வாங்கிய சூட்டோடு, விடியற்காலையில் சாலை காலியாக இருக்கும் என்று நம்பிக் கார் ஓட்டிப் பழகக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலை அந்த நேரத்தில் காலியாக இருப்பதில்லை. சனி, ஞாயிறுகளில் திருவான்மியூரில் தொடங்கி மாமல்லபுரம் வரை சைக்கிள்காரர்கள் வரிசை கட்டிப் போகிறார்கள். பாலவாக்கம், நீலாங்கரைப் பக்கம் ஓடுகிறவர்களும் வேகநடை நடப்பவர்களும் சாலையோரத்தில் இறங்கிவிடுகிறார்கள். புது ஓட்டுநர் லாரியைக் கண்டால் நடுங்குகிறார்; இவர்களைக் கண்டால் நடுங்குவதில்லை. சிக்கலே அதுதான்.

கிளட்ச், கியர், ஸ்டியரிங் எல்லாம் கைக்கு வந்துவிட்டன என்று வைத்துக்கொள்கிறேன். நான் இந்தச் சாலையில் வேலை நாட்களில் காரிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளிலும் போகிறவன். எனவே இரு தரப்பு வசவும் எனக்குப் பழக்கம்.

படி 1: கண்ணாடிகள்

மார்கழி, தை மாதங்களில் காலையில் முன்கண்ணாடி உள்ளேயும் வெளியேயும் வியர்த்திருக்கும். வைப்பரை ஒரு முறை ஓட்டிவிட்டு, நடுவில் தெளிந்த வட்டத்தின் வழியாகப் பார்த்துக்கொண்டே கிளம்புகிறவர்கள் அதிகம். சாலையோரத்தில் இருப்பவர் அந்த வட்டத்துக்கு வெளியேதான் இருப்பார். ஏசியை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பி இரண்டு நிமிடம் பொறுத்தால் முழுவதும் தெளிந்துவிடும். பின்பார்வைக் கண்ணாடியில் தொங்கும் மணி, மாலை, எலுமிச்சை எல்லாவற்றையும் அவிழ்த்து வையுங்கள். டேஷ்போர்டுப் பிள்ளையார் இருக்கட்டும், அவர் குள்ளம்.

கருப்பு ஃபிலிம் ஒட்டாதீர்கள். கார் கண்ணாடி முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கங்களில் 50 சதவீதம் ஒளியை உள்ளே விட வேண்டும் என்பது விதி. விதியை விடுங்கள், காலை ஐந்தரை மணிக்கு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி வழியாகக் கருநீல டிராக் பேன்ட் தெரியாது.

வாங்க வேண்டிய பொருள் ஒன்றே ஒன்று: பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒட்டும் சின்ன வட்டக் குவிகண்ணாடி. உதிரிபாகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். இடப்பக்கக் கண்ணாடியின் வெளிக்கோடியில் கீழ்மூலையில் ஒட்டுங்கள். பல்லாயிரம் ரூபாய்க்குச் சென்சாரும் 360 டிகிரி கேமராவும் பொருத்தச் சொல்லிக் கடைக்காரர் நச்சரிப்பார். அவை வண்டியை நிறுத்த உதவும். ஓட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி வரும் சைக்கிளைக் காட்டுவதில் இந்தக் குட்டிக் கண்ணாடிக்கே என் ஓட்டு.

படி 2: ஒரு சின்னக் கணக்கு

இதைப் போட்டுப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். சாலையின் ஒரு தடம் பொதுவாக மூன்றரை மீட்டர் அகலம். எட்டு முழ வேட்டியை விரித்தால் ஏறக்குறைய அவ்வளவு வரும். சைக்கிள்காரர் சாலை விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளிப் போகிறார். அவருடைய ஹேண்டில்பாரின் வலது முனை விளிம்பிலிருந்து 80 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். அதற்கும் உங்கள் இடப்பக்கக் கண்ணாடிக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் விடுங்கள். ஆயிற்று 2.3 மீட்டர். சிறிய காரே கண்ணாடிகளைச் சேர்த்தால் ஏறக்குறைய 1.9 மீட்டர். மொத்தம் 4.2 மீட்டர்.

தடமோ 3.5 மீட்டர். ஆக, ஒரே தடத்துக்குள் இருந்துகொண்டு சைக்கிளை ஒழுங்காகக் கடக்கவே முடியாது. ‘கொஞ்சம் வலப்பக்கம் ஒடித்தால் போதும்’ என்று நினைப்பவர், உண்மையில் சைக்கிள்காரரின் முழங்கையை உரசிக்கொண்டுதான் போகிறார். காரையோ பஸ்ஸையோ முந்துவதுபோல் அடுத்த தடத்துக்கு மாறித்தான் சைக்கிளையும் முந்த வேண்டும். மாற இடமில்லையென்றால் பின்னாலேயே போக வேண்டும். இடையில் மூன்றாவது வழி கிடையாது. இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை மீட்டர் எங்கிருந்து வந்தது? ஜெர்மனி 2020-இல் ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர் என்று சட்டமாகவே எழுதிவிட்டது. பிரிட்டனின் சாலை விதிநூல் 2022-இல் மணிக்கு 30 மைல் வேகம் வரை குறைந்தது ஒன்றரை மீட்டர், அதற்கு மேல் இன்னும் அதிகம் என்கிறது. நம்முடைய 2017-ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் நடப்பவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், குழந்தைகள், முதியவர்கள் ஆகியோரிடம் தனிக் கவனம் காட்டச் சொல்கின்றன. அந்தக் கவனத்தை மீட்டரில் எழுதிக்கொண்டால்தான் காலும் கையும் கேட்கும் என்பது என் கட்சி.

படி 3: காரின் இடப்பக்கம் எங்கே முடிகிறது?

எனக்கு வெகுநாள் பிடிபடாமல் இருந்தது இந்தப் படிதான். ஓட்டுநர் பள்ளியில் இதைத் தனியாகச் சொல்லித்தரவும் இல்லை. நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார். சைக்கிளும் ஓடுகிறவரும் இடப்பக்கம். அதாவது, யாரை உரசக்கூடாதோ அவர் பக்கத்து விளிம்பு நம் கண்ணிலிருந்து ஒன்றேகால் மீட்டருக்கும் மேல் தள்ளி, பானெட்டுக்கு அப்பால், பார்வைக்கே வராத இடத்தில் இருக்கிறது. போதாக்குறைக்கு, எதிரே பஸ் வந்தால் புது ஓட்டுநரின் கை தானாக இடப்பக்கம் சாயும்.

பயிற்சிக்குத் தேவை: 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று (காலி கேன்), சாக்பீஸ், அளவு நாடா, மனம் கோணாத ஒரு உறவினர். ஞாயிறு மாலையில் யாரும் இல்லாத மைதானம் போதும்.

காரை நிறுத்திவிட்டு, இடப்பக்கக் கண்ணாடியின் வெளிமுனையிலிருந்து தரைக்கு நேராக ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளிக் கேனை வையுங்கள். இப்போது இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். கேன் அநியாயத்துக்குத் தள்ளி இருப்பதாகத் தோன்றும். ‘இவ்வளவு இடமா?’ என்று மனம் கேட்கும். அந்தத் திகைப்பை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் சாலையில் நீங்கள் வழக்கமாக விடும் இடம் இதில் பாதிகூட இராது.

அடுத்து, இடப்பக்கச் சக்கரங்களின் நேர்கோட்டில், காருக்கு முன்னால் பத்து மீட்டர் நீளத்துக்குச் சாக்பீஸால் கோடு இழுங்கள். இருக்கையிலிருந்து பார்த்தால் அந்தக் கோடு முன்கண்ணாடியின் அடிவிளிம்பை ஓரிடத்தில் தொடும். பெரும்பாலான சிறிய கார்களில் அது நீங்கள் எதிர்பார்ப்பதைவிட நடுப்பக்கமாகத் தள்ளி, வைப்பரின் மத்தியை ஒட்டி இருக்கும். அங்கே ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுங்கள். இருக்கையின் உயரம் மாறினால் புள்ளியும் மாறும். வீட்டில் இருவர் ஓட்டினால் இரண்டு நிற ஸ்டிக்கர்.

பிறகு பத்து கிலோமீட்டர் வேகத்தில் கேனைக் கடந்து, கேனுக்கு நேராக நிறுத்தி, இறங்கி, நாடாவால் அளந்து பாருங்கள். இறங்கி அளப்பதுதான் முக்கியம். கண் பொய் சொல்லும், நாடா சொல்லாது. என் மைத்துனன் கேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “அத்தான், முப்பது சென்டிமீட்டர் குறைகிறது, மறுபடியும் வாருங்கள்” என்று கூவிக்கொண்டே இருந்தான். நாலைந்து முறை சரியாக வந்தபின் வேகத்தைக் கூட்டலாம். கேனுக்குப் பதிலாக ஆளை நிறுத்திப் பார்க்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள்.

படி 4: கடப்பது

சைக்கிளைப் பார்க்காதீர்கள், சைக்கிளுக்கு முன்னால் இருக்கும் சாலையைப் பாருங்கள். அவர் எப்போது வலப்பக்கம் ஒதுங்குவார் என்பது அங்கேதான் எழுதியிருக்கும்: காற்றில் அடித்து வந்த மணல், உடைந்த சாக்கடை மூடி, நிறுத்தியிருக்கும் பால் வண்டி, படுத்திருக்கும் நாய். மெல்லிய டயர் சைக்கிளுக்கு மணல் என்றால் வழுக்கல், கட்டாயம் வளைவார். அவர் வளைந்து முடியும்வரை பின்னாலேயே இருங்கள்.

அவர் வேகத்தையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். பயிற்சி உள்ளவர்கள் மணிக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் போவார்கள். நீங்கள் 50-இல் போய் 25-இல் போகிறவரைக் கடந்து தள்ளிப்போக நான்கு விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் நீங்கள் 60 மீட்டர் போயிருப்பீர்கள், எதிரே 60-இல் வரும் வண்டி 70 மீட்டருக்கு மேல் வந்திருக்கும். ஆகவே சென்டர் மீடியன் இல்லாத சாலையில் கண்ணெதிரே 150 மீட்டராவது வெறிச்சென்று இருந்தால் ஒழிய ஆரம்பிக்காதீர்கள்.

இண்டிகேட்டர், கண்ணாடி, தடம் மாற்றம். பழைய தடத்துக்குத் திரும்புவதில்தான் அவசரம் தலைகாட்டும். நடுக்கண்ணாடியில் சைக்கிளின் இரு சக்கரங்களும் தரையோடு தெரிந்த பிறகு திரும்புங்கள்.

இரண்டு பேர் பக்கம் பக்கமாகப் போனால் பலருக்கு மூக்கின்மேல் கோபம் வருகிறது. படி 2-ஐ நினைத்துப் பாருங்கள்: எப்படியும் அடுத்த தடத்துக்குப் போகத்தான் வேண்டும். பத்துப் பேர் ஒற்றை வரிசையில் போனால் கடக்க வேண்டிய நீளம் இரட்டிப்பு. சேர்ந்து போகிறவர்கள் உங்களுக்கு உபகாரம் செய்கிறார்கள்.

படி 5: ஹாரன்

முதுகுக்குப் பின்னால் வந்து அடிக்காதீர்கள். சைக்கிள்காரர் திடுக்கிட்டு வலத்தோள் வழியாகத் திரும்பிப் பார்ப்பார். தலை திரும்பும் பக்கம் ஹேண்டிலும் திரும்பும். அதாவது உங்கள் காரை நோக்கி. அடிக்க வேண்டுமென்றால் முப்பது, நாற்பது மீட்டருக்கு அப்பாலிருந்தே ஒரு சின்னத் தட்டல். தடம் மாறிக் கடப்பவருக்குப் பெரும்பாலும் அதுவும் தேவைப்படாது.

படி 6: ஓடுகிறவர்கள்

நடைபாதை இல்லாத சாலையில் விவரம் தெரிந்தவர் எதிர்வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓடுவார். உங்களுக்கு அவர் இடப்பக்கத்தில், முகம் தெரிய வருவார். தலையசைத்துவிட்டு அதே ஒன்றரை மீட்டர் விட்டுப் போகலாம். முதுகைக் காட்டி ஓடுகிறவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும். காதில் இயர்போன் இருந்தால் நீங்கள் வருவதே அவருக்குத் தெரியாது. அவர் கால் தரையைப் பார்க்கும், கண் கடிகாரத்தைப் பார்க்கும்.

தெற்கே போகும்போது சூரியன் உங்கள் இடப்பக்கத்திலிருந்து எழும். அந்த அரைமணி நேரம் சாலையோர ஆட்கள் வெறும் கருநிழல்கள். ஹை பீம் போட்டு இதைச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம், எதிரே வருகிறவருக்குக் கண் கூசும். வேகத்தைக் குறையுங்கள்; டிம்மில் வையுங்கள்.

ஆகஸ்ட் கடைசியில் இந்தச் சாலையில் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்திய நடைப்பயணிகள் கூட்டமாகப் போவார்கள். களைத்த கூட்டம், நள்ளிரவிலும் நடக்கும். அவர்களுக்குக் கூடுதலாக ஒரு மீட்டர் விடுங்கள். உட்தெருக்களில் மார்கழிக் கோலம் போடுகிறவர்களும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்: குனிந்திருப்பார்கள், பின்னோக்கி நகர்வார்கள்.

படி 7: இடப்பக்கம் திரும்பும்போது

சைக்கிளை முந்திப் போய் உடனே இடப்பக்கத் தெருவில் திரும்புவது மிக மோசமான பழக்கம். அவர் 25-இல் வந்துகொண்டிருக்கிறார். உங்கள் கதவில்தான் வந்து மோதுவார். திரும்ப வேண்டிய தெரு தெரிகிறதென்றால் அவருக்குப் பின்னாலேயே தங்கி, அவர் போனபின் திரும்புங்கள். நஷ்டம் ஐந்து விநாடி.

முன்கண்ணாடியின் ஓரத்துப் பில்லர் ஒரு முழுச் சைக்கிளையும் மறைத்துவிடும் என்பதால், சந்திப்புகளில் தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள்.

படி 8: கதவு

நிறுத்திய பிறகும் வேலை இருக்கிறது. ஓட்டுநர் கதவை இடக்கையால் திறங்கள். நெதர்லாந்துக்காரர்களின் பழக்கமாகப் பேசப்படுவது இது. கதவுக்குத் தூரமான கையை நீட்டினால் உடம்பு தானே திரும்பும், தோளுக்குப் பின்னால் வருகிற சைக்கிள் கண்ணில் படும். இடப்பக்கம் இறங்குகிறவர்கள் வலக்கையால். பின்சீட்டுப் பிள்ளைகளுக்குச் சைல்டு லாக். வீட்டு மாமாவுக்கும் அதுவே நல்லது.

பிற்சேர்க்கை

பதிவுக்கு வந்த பின்னூட்டங்களில் அடிக்கடி வந்த கேள்வி: “சைக்கிளுக்குப் பின்னால் பொறுமையாகப் போனால், எனக்குப் பின்னால் இருக்கும் பஸ் ஹாரனை அலறவிடுகிறதே?” நானும் அனுபவிப்பதுதான். பஸ் ஓட்டுநருக்கு உங்கள் காருக்கு முன்னால் இருக்கும் சைக்கிள் தெரிவதில்லை. நீங்கள் சும்மா ஊர்வதாக நினைக்கிறார். தடத்தின் வலப்பாதியில் கொஞ்சம் நகர்ந்து ஓட்டினால் சைக்கிள் அவர் கண்ணுக்கும் தெரியும். பிரேக்கை லேசாக இருமுறை தொட்டால் பின்விளக்கு சொல்லிவிடும். அதற்குமேலும் அலறினால் அலறட்டும். அவருக்காக நெருக்கிக் கடந்துவிடாதீர்கள்.

உயரமான எஸ்யூவி ஓட்டும் ஒருவர், ஸ்டிக்கர் புள்ளி வேலை செய்யவில்லை என்று எழுதியிருந்தார். பானெட் உயரமாக இருந்தால் பத்து மீட்டர் கோட்டில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது. கோட்டை இருபது மீட்டருக்கு நீட்டுங்கள். இடப்பக்கக் கண்ணாடியைப் பின்சக்கரம் தெரியும் அளவுக்குச் சற்றுக் கீழே சாய்த்தும் வைக்கலாம்.

பைக்கில் போகிறவர்கள், இதெல்லாம் காருக்குத்தானே என்று கேட்டிருக்கிறார்கள். பைக்கின் அகலம் குறைவு, எனவே ஒரே தடத்துக்குள் ஒன்றரை மீட்டர் விட்டுக் கடக்க முடியும். ஆனால் சைக்கிளுக்கும் சாலை விளிம்புக்கும் நடுவே இடப்பக்கமாக நுழைந்து கடப்பவர்கள் பைக்காரர்கள்தான். சைக்கிள்காரர் மணலைத் தவிர்த்துவிட்டு மறுபடி ஓரத்துக்கு வரும்போது நீங்கள் அங்கே இருப்பீர்கள். வலப்பக்கமாக மட்டும் கடவுங்கள்.