கிரெடிட் கார்டு ஒப்பீட்டுத் தளத்தில் எதைப் பார்ப்பது?

ஒப்பீட்டுத் தளத்தில் முதலில் தெரியும் கிரெடிட் கார்டே சிறந்தது என்று எண்ணிவிடாதீர்கள். பல தளங்கள் கார்டு நிறுவனங்களிடம் கமிஷன் பெறுகின்றன. வரிசையில் அதன் தாக்கம் இருக்கலாம். உங்கள் பழக்கத்துக்கு ஏற்ப நீங்களே வடிகட்டிப் பாருங்கள். மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டிவிடுபவர் ஆண்டுக் கட்டணத்தையும் கேஷ்பேக் உச்சவரம்பையும் கவனித்தால் பெரும்பாலும் போதும். பாக்கி வைப்பவருக்கு வட்டிதான் எல்லாம். மாதம் 3 சதவீதம் என்றால் சிறிதாகத் தெரியும். கூட்டு வட்டியில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 42.6 சதவீதம் ஆகிவிடுகிறது! வெகுமதிப் புள்ளிகள் அதை ஈடுகட்டவே முடியாது.

தேர்ந்தெடுத்த பிறகு, கட்டண விவரத்தை வங்கியின் சொந்தத் தளத்திலும் சரிபாருங்கள். ஒரே நேரத்தில் நாலைந்து கார்டுகளுக்கு விண்ணப்பிக்க வேண்டாம்; ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வங்கி உங்கள் கடன் வரலாற்றை விசாரிக்கும். அந்த விசாரணைகள் கடன் அறிக்கையில் பதிவாகி, உங்கள் கடன் நம்பகத்தன்மையைக் காட்டும் மதிப்பெண்ணைக் குறைக்கக்கூடும்.