சிவனொளிபாத மலை உச்சியில் நின்று நிலத்தைப் படித்தறியும் முறை

இலங்கையின் சிவனொளிபாத மலைக்குச் செல்வோரில் பலர் உச்சியிலுள்ள பாதச்சுவட்டை வணங்கி, சூரிய உதயத்தைக் கண்டு, குளிர் தாங்காமல் உடனே இறங்கிவிடுகிறார்கள். இன்னும் அரைமணி நேரம் பொறுத்து நின்றால், மலைநாடு எங்கே முடிகிறது என்பதைக் கண்ணாலேயே அறியலாம்.

டிசம்பரில் வரும் உந்துவப் போயா (பௌர்ணமி) முதல் மே மாத வெசாக் போயா வரையுள்ள பருவகாலத்தில் செல்லுங்கள். அதன் பின்னர் தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவை மூடிவிடும். ஹட்டன், மஸ்கெலியா வழியாக மலையடிவார ஊரான நல்லதண்ணியை அடைந்து, அதிகாலை இரண்டு மணிக்குள் ஏறத் தொடங்குங்கள். படிகள் 5,000க்கும் அதிகம். கடைசிச் செங்குத்தில் இரும்புக் கைப்பிடி பனியில் நனைந்து விரல்களை விறைக்க வைக்கும் என்பதால், கையுறையும் கம்பளியும் அவசியம்.

உச்சியில் முதலில் கிழக்கே பாருங்கள். 2,243 மீற்றர் உயரமுள்ள இம்மலையைவிட 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகாலை வடகிழக்கில் உயர்ந்து நின்றாலும், அது பிற மலைகளுக்கு நடுவே இருப்பதால் இவ்வளவு எடுப்பாகத் தெரிவதில்லை. சிவனொளிபாதமோ மத்திய மலைநாட்டின் விளிம்பிலேயே நிற்கிறது. மேற்கிலும் தென்மேற்கிலும் நிலம் இரத்தினபுரித் தாழ்நிலம் வரை சரிந்துவிடுகிறது. என் எண்ணத்தில் இம்மலையின் பெருமை உயரத்தில் இல்லை, அது நிற்கும் இடத்தில்தான் இருக்கிறது.

அடுத்து வடகிழக்கே, கீழே மின்னும் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தைத் தேடுங்கள். பழைய மஸ்கெலியா நகர் அந்நீருக்கு அடியில்தான் இருக்கிறது. அங்கே தேங்கும் மஸ்கெலி ஓயா என்ற ஆறு, கெஹெல்கமு ஓயாவுடன் கூடிக் களனி கங்கையாகிக் கொழும்பை நோக்கிச் செல்கிறது. இதே மலைத்தொடரின் மறுபக்கத்து நீர் களு கங்கையாகிக் களுத்துறையில் கடலில் சேர்கிறது.

சூரியன் எழுந்ததும் தாமதியாமல் மேற்குப் பக்கம் செல்லுங்கள். மலையின் நிழல் கூர்மையான முக்கோணமாகப் பனிப்புகார் மீது நீண்டு கிடக்கும். டிசம்பரில் சூரியன் தென்கிழக்குச் சாய்வில் எழுவதால், நிழலின் நுனி சற்று வடமேற்கே களனிப் பள்ளத்தாக்கை நோக்கும். பங்குனியில் நேர் மேற்கே நிற்கும். வெசாக் நெருங்கும்போது களுத்துறைப் பக்கம் திரும்பிவிடும். வெயில் ஏற ஏற நுனி மலையடிவாரத்தை நோக்கிப் பின்வாங்குவதால், அதைப் பார்க்கக் கிடைப்பது சொற்ப நேரமே.

கால்களில் வலுவுள்ளவர்கள் பலாபத்தல வழியாக இரத்தினபுரிக்கு இறங்கலாம். அது நீண்ட, கடினமான பாதையானாலும், மேலிருந்து கண்ட சரிவை அடி அடியாக நடந்து உணர்வதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.